மெயின், ஒரு நட்சத்திரம், பதினொன்று

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வீட்டுக்கு வந்தாய். முதல் பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து உறைகளின் மேல் பெயர் எழுதத் தொடங்கினாய். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏழுமலைக்கு எழுதிட்டியாடா?" என்று கேட்டாள். நீ தலையைத் தூக்கவில்லை. "அவன் வரமாட்டான்மா. அவனைச் சொல்லி என்ன, தப்பு என் மேலதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த உறையை எடுத்தாய். நான் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அன்றைக்கு அந்தப் பேப்பரில் என்ன இருந்தது என்று எனக்கு இப்போதும் தெரியாது.

தப்பு உன் மேல் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் உன் லேப்டாப் தானாகக் கெட்டுப்போகவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை நான்தான் அழித்தேன். அழித்துவிட்டு உன்னிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால்தான் உன் நண்பன் ஏழுமலை உன்னை விட்டுப் போனான். இதை உறையில் போட்டு ஒட்டி உன் கையில் ரகசியமாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னது நடுக்கூடத்தில், உன் நண்பன் முன்னால். உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லித் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. அதனால் இதை எல்லோரும் படிக்கட்டும். அம்மா படிக்கட்டும், ஏழுமலை படிக்கட்டும், உனக்கு வரப்போகிற பெண்ணும் படிக்கட்டும்.

உனக்கு என்னைத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், சர்வீஸ், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. இந்த ஊரில் முதன்முதலாக மவுஸைப் பிடித்த பத்துப் பேரில் நானும் ஒருவன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அம்மா என்னை "எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்" என்பாள். அது கிண்டல் என்று தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் இனிக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் கடைப் பலகையில் "டைப்ரைட்டிங் ஹையர்" என்று என் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறதே, நான் ஹையர் பாஸ் பண்ணவே இல்லை. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போச்சு. அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது உன் தாத்தா கேட்டார், பாஸ் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்றப் பலகையிலேயே எழுத வேண்டியதாயிற்று. தெரியாது என்ற சொல் என் வாயில் வராது. இந்தக் குணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நீ சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. நீயும் ஏழுமலையும் சேர்ந்து ஒரு ஆப் செய்யப்போவதாகச் சொன்னாய். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளை ஊரைச் சுற்றி இடம் மாற்றிப் போடுகிறார்கள். கிரிவலம் முடித்து, கால் வீங்கி வருகிற ஜனம் எந்த ஊர் பஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அலைகிறது. அவர்களுக்கு வழி சொல்கிற ஆப். வரைபடம் அவனுடையது, மற்றதெல்லாம் உன்னுடையது. நல்ல யோசனைதான். ஆனால் நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. "பஸ் ஸ்டாண்டு எங்கேனு டீக்கடையில கேட்டா சொல்றான், அதுக்கு ஒரு ஆப்பா?" என்றுதான் கேட்டேன். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய்.

அந்தக் கடைசி மூன்று வாரம் நீ மாடி அறையை விட்டு இறங்கவில்லை. அம்மா தட்டை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஏழுமலை போனில் அவசரப்படுத்துவான். அடுத்த புதன்கிழமை ஒரு அதிகாரியிடம் ஆப்பைக் காட்ட நாள் வாங்கியிருந்தீர்கள். "இன்னும் ரெண்டு நாள்டா. அரைகுறையா கெடக்குது, சுத்தம் பண்ணிட்டு மொத்தமா அனுப்பறேன்" என்று நீ அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன் கதிர். அது நான் சொல்லிக்கொடுத்த பாடம். நீ மூன்றாவது படிக்கும்போது, பாதி வரைந்த இந்திய வரைபடத்தை ஓடிவந்து என்னிடம் காட்டினாய். கன்னியாகுமரியே இல்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள். நான் அதை வாங்கிக் கிழித்துப் போட்டு, "முடிக்காத வேலையை மனுஷனுக்குக் காட்டாதே" என்றேன். அதற்கப்புறம் நீ எதையும் பாதியில் என்னிடம் காட்டியதில்லை.

பௌர்ணமி வந்தது. நல்ல மழை. லேப்டாப் நனைந்துவிடும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டு, பஸ்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று பார்க்க நீயும் அவனும் பைக்கில் கிளம்பினீர்கள். அம்மா அடி அண்ணாமலையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் வீட்டில். மாடிக்கு ஏறினேன். ஒரு வாரமாக நீ லேப்டாப் இழுக்கிறது, ஸ்லோவாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டிருந்தாய். சரி செய்து வைத்து உன்னை அசத்த வேண்டும் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், உன் உலகத்தில் எனக்கு இன்னும் ஒரு இடம் இருக்கிறது என்று உனக்குக் காட்ட வேண்டும். கடவுச்சொல் அம்மா பெயர்தான். முதல் முறையே திறந்துகொண்டது.

கறுப்புத் திரை ஒன்று திறந்திருந்தது. கட்டளையை எதிர்பார்த்து அது காத்திருக்கும் வரி, பிராம்ப்ட் என்பார்களே, அதில் ஏதோ எழுதியிருந்தது. விண்டோஸுக்கு முன்னால் எங்கள் காலத்தில் இருந்த டாஸில் அந்த வரி வெறும் டிரைவ் எழுத்தைத்தான் காட்டும். நானே அதை மாற்றி என் கடைப் பெயர் வரும்படி வைத்து வருகிறவர்களிடம் பீற்றிக்கொண்டவன்தான். ஆனால் உன்னுடைய வரியில் ஆங்கிலத்தில் 'மெயின்' என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். அதற்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி, பதினொன்று என்ற எண். என்டர் தட்டினேன், மறுபடியும் அதே வரி. எத்தனை முறை தட்டினாலும் அதே. என் தொழிலில் மெயின் என்றால் மெயின் போர்டு. சிவப்பு என்றால் கோளாறு. எண் என்றால் கோளாறின் எண். மெயின் போர்டில் பதினோராம் நம்பர் எரர் என்று முடிவு கட்டினேன். உனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். "அது என்னடா சிவப்பா?" என்று நாலு வார்த்தைகூட ஆகாது. கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே.

எங்கள் கடையில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து ஃபார்மேட்தான். லேப்டாப்பை மழைக்கோட்டுக்குள் மடக்கி வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை, பேக்கப் எடுத்தேன். எல்லோருக்கும் எடுப்பதுபோல போட்டோக்கள், டாக்குமெண்ட், டெஸ்க்டாப். தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள். உள்ளே வரி வரியாக நீ எழுதியது. சிலவற்றில் ஊர்ப் பெயர்கள் இருந்தன, வேலூர், செங்கம், திண்டிவனம். அன்றைய தேதிகூட இருந்தது. பார்த்தேன். ஏதோ சாஃப்ட்வேர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட குப்பை என்று விட்டுவிட்டேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. தினம் பத்துப் பேருக்கு அழுத்துகிற பழக்கத்தில் அழுத்தினேன். நீ வருவதற்குள் லேப்டாப்பை மாடியில் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன்.

நீ தலை துவட்டிக்கொண்டே மாடி ஏறினாய். திரும்பி இறங்கி வந்து படியில் நின்று, "அப்பா, என் லேப்டாப்புக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாய். உன் குரலைக் கேட்டதுமே நான் எதைச் செய்துவிட்டேன் என்று புரிந்துபோனது. அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். "நீ போனப்புறம் தானாவே ஆஃப் ஆயிடுச்சுப்பா. ஆன் பண்ணேன், எதுவுமே வரல. வேற வழியில்லாமதான் ஃபார்மேட் அடிச்சேன்" என்றேன். "ரெகவரி எதுனா போட்டுப் பாத்தீங்களா?" என்றாய். "பாத்துட்டேன். ஒண்ணுமே தேறல." நான் எதையும் போட்டுப் பார்க்கவில்லை. பொய் உடைந்துவிடும் என்று, எடுத்த பேக்கப்பையும் உன்னிடம் காட்டவில்லை. அன்றைக்கே முறைப்படி முயன்றிருந்தால் பாதியாவது கிடைத்திருக்கும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். நீ படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். "அனுப்பி வெச்சிருக்கணும்பா. நான்தான் அனுப்பல" என்றாய். என் தோளில் சாய்ந்து அழுதாய். நானும் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் ஏழுமலை வந்தான். இணையத்தில் இரண்டு பேரும் வேலையைச் சேர்த்து வைக்கும் பொது இடத்தில் மூன்று வாரமாக நீ எதையும் போடவில்லை. அது அவனுக்குத் தெரியும். "மூணு வாரமா என்னடா பண்ணே? கேட்டா ரெண்டு நாள், ரெண்டு நாள்னே. இப்ப டிஸ்க் போச்சுன்றே. நான் நம்பணுமா?" என்றான். அவன் என் பக்கம் திரும்பினான். உன்னோடு சேர்ந்து அவனும் என்னை அப்பா என்றுதானே கூப்பிடுவான். "நீங்களே சொல்லுங்கப்பா. உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே. அதுல இவன் வேலை செஞ்சது எதுனா இருந்துச்சா?" வேலூர், செங்கம், திண்டிவனம் என்று எல்லாம் என் கண் முன்னால் வந்தது. இருந்தது என்று சொன்னால், எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பான். "எனக்கு என்னப்பா தெரியும். நான் பாத்தப்ப அதுல எதுவுமே இல்ல" என்றேன். அவன் உன்னை ஒரு பார்வை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதை நீ சாப்பிட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ ஓசூரில் ஒரு கிடங்கில் சரக்கு மேற்பார்வைக்குப் போனாய். நல்ல வேலைதான், குறையில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாய். நான் வேண்டுமென்றே ஏதாவது சந்தேகம் கேட்டால்கூட, "எனக்கு அதெல்லாம் சரிப்பட்டு வரலப்பா, நான் கவனமில்லாதவன்" என்பாய். கவனமில்லாதவன் என்ற பட்டத்தை உனக்கு நான் கட்டிவிட்டேன்.

போன வருடம் ஒரு கல்லூரி ஆசிரியை விசைப்பலகை மாற்றுவதற்காகத் தன் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்தார். திறந்தால் அதே கறுப்புத் திரை. மெயின், சிவப்பு நட்சத்திரம், அம்புக்குறி. எண் மட்டும் நாலு. "மேடம், இது என்ன எரர்?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவர் சிரித்தார். "எரரே இல்ல சார். மெயின்னா என் வேலையோட பிரதான கிளை. ஸ்டார் இருந்தா இன்னும் பதிஞ்சு வெக்காத மாற்றம் இருக்குதுனு அர்த்தம். அம்புக்குறி நாலுன்னா, நாலு தடவை பதிஞ்சு வெச்சதை இன்னும் வெளியே அனுப்பலனு அர்த்தம். மறந்துடக்கூடாதுனு நானே செட் பண்ணி வெச்சேன்" என்றார். கோளாறே இல்லை. இங்கே பதினோரு வேலை இருக்கிறது, இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் இருக்கிறது, பத்திரம் என்றுதான் அந்த வரி நான் என்டர் தட்டிய ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது.

அவர் போன பிறகு ஒரு பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றி, அந்த வரியை நானே உருவாக்கிப் பார்க்க உட்கார்ந்தேன். நீ எதைக் கட்டினாய் என்று தெரியாமலேயே சாகக்கூடாது என்று தோன்றியது. புள்ளியில் தொடங்குகிற பெயருள்ள ஒரு கோப்பு, கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது. அதற்குள் எழுத வேண்டும். கிளையின் பெயரை வரவழைக்க மூன்று நாள். நட்சத்திரத்துக்கு ஒரு வாரம். அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன், புது வம்பு வந்தது. நீளமாக அடித்தால் எழுத்து அடுத்த வரிக்கு இறங்காமல், அடித்த வரியின் தலையிலேயே ஏறி முன்னதை மறைத்தது. நிறத்துக்கான குறிகளை இரண்டு பக்கமும் ஒரு அடைப்புக்குள் வைக்காவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அவற்றையும் சேர்த்து அது வரியின் நீளத்தை அளந்துவிடுமாம். நீ இருபத்து மூன்று வயதில் யாரும் சொல்லித்தராமல் இதையெல்லாம் செய்திருக்கிறாய். உன்னையா நான் கவனமில்லாதவன் ஆக்கினேன்?

எல்லாம் சரியான பிறகு, சோதனைக்காக ஒரு கோப்பைத் திறந்து 'கதிர்' என்று எழுதினேன். நட்சத்திரம் வந்தது. அந்தக் கோப்புதான் இந்தக் கடிதம். ஒரு வருடமாக எழுதி எழுதிப் பதிந்து வைத்தேன். அம்புக்குறிக்குப் பக்கத்தில் எண் நாற்பதைத் தாண்டியது. வெட்கம் கெட்டவனுக்கு அது தினமும் நினைவுபடுத்தியும் பயனில்லை. சுத்தமாக எழுதிவிட்டு அனுப்பலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உன் பெண்டாட்டியிடம் எதையும் முடித்துவிட்டுக் காட்டலாம் என்று வைத்திருக்காதே. பயத்தைப் பாதியிலேயே காட்டு. தெரியாததைத் தெரியாது என்று அன்றைக்கே சொல். நாளைக்கு ஒரு குழந்தை கன்னியாகுமரி இல்லாத வரைபடத்தைக் கொண்டுவந்தால், வாங்கிச் சுவரில் ஒட்டு. நான் சொல்லிக்கொடுத்தது தப்புப் பாடம். அது இல்லையென்றால் நீ அன்றன்றைக்கே அனுப்பியிருப்பாய், நான் எதை அழித்தாலும் உன் வேலை பிழைத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூர் பஸ் ஏறிய பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "எம் புள்ள என் மடியில படுத்து எத்தினி நாள் அழுதான் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அப்புறம், "மொதல்ல ஏழுமலைகிட்ட போய் சொல்லுங்க. அதுக்கப்புறம் இவனுக்கு எழுதுங்க" என்றாள். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நேற்று போனேன். ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருக்கிறான். பள்ளி விட்டு வேன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் பதறி, "கதிருக்கு எதுனா ஆச்சாப்பா?" என்றுதான் முதலில் கேட்டான். இல்லை என்றேன். கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கோப்புகளைப் பார்த்ததை, ஊர்ப் பெயர்களைப் பார்த்ததை, அழித்ததை, அவன் கேட்டபோது இல்லையென்று சொன்னதை. கடைசி வேனை அனுப்பிவிட்டு, "அன்னிக்கு உங்கள எதுக்குக் கேட்டேன் தெரியுமாப்பா? நீங்க ஆமான்னு சொல்லுவீங்கனுதான் கேட்டேன். எனக்கு அவன விட்டுட்டுப் போகணும்னு இல்ல. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கியே நின்னிருப்பேன்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அதுக்கப்புறம் நாலு தடவ போன் பண்ணான். நான் எடுக்கல" என்றான்.

பத்திரிகை கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அது உன் கையால் போக வேண்டியது. கல்யாணத்துக்கு வருவேன் என்றும் அவன் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். மணவறையில் நான் உட்காரக்கூடாது என்று நீ நினைத்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். மண்டபத்துக்கே வர வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் இனிமேல் யாரிடமும் தப்பு என் மேல்தான் என்று சொல்லாதே, எனக்காக அல்ல, உனக்காக. ஏழுமலை கேட்டதற்கு அன்றைக்கு நீ நிற்கும்போதே, உன் முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்:

"ஆமாம்ப்பா. எம் பையன் வேலை செஞ்சான். நான் என் கண்ணால பாத்தேன்."